வீட்டு நாயும் உணவுக் கணக்கும்



இன்றைய பேச்சை ஒரு சிறு சோதனையோடு தொடங்க விரும்புகிறேன். இருந்த இடத்தில் இருந்தபடியே நீங்கள் அதனைச் செய்யலாம். இடது கையை இறுக மூடிக்கொள்ளுங்கள். வலது கை விரல்களால் அந்த முஷ்டியின் மொளிகளைத் தடவிப் பாருங்கள். எலும்பு துருத்திக்கொண்டு கையில் தட்டுகிறதல்லவா? இனி, மூடிய கையை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள். அங்கேயும் எலும்பு தெரிகிறது. ஆனால் அதன்மேல் மெல்லிய துணி ஒன்றைப் போர்த்தினாற்போல் இருக்கிறது. மூன்றாவதாக, கையைத் திருப்பி, விரல்களுக்குக் கீழே உள்ளங்கை மேட்டைத் தடவுங்கள். அங்கே எலும்பைத் தேடி அழுத்தித்தான் காண வேண்டும்.

உங்கள் வீட்டில் நாய் இருக்குமானால், இந்த மூன்று உணர்ச்சிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு அதன் விலாவைத் தடவிப் பாருங்கள். முஷ்டியைப் போல் இருந்தால் நாய் மெலிந்திருக்கிறது. புறங்கையைப் போல் இருந்தால் சரியான உடல்நிலையில் இருக்கிறது. உள்ளங்கையைப் போல் இருந்தால் அது தேவைக்கு மேல் பருத்திருக்கிறது. இதனோடு வேறு இரண்டு அடையாளங்களும் உண்டு. மேலிருந்து நோக்கினால் விலாவுக்குப் பின்னே இடை சுருங்கித் தெரிய வேண்டும். பக்கத்திலிருந்து நோக்கினால் வயிறு பின்புறம் நோக்கி மேலேறியிருக்க வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இவற்றையெல்லாம் சேர்த்து ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் இடுகிறார்கள். லாஃப்லாம் என்னும் கால்நடை ஊட்டச்சத்து அறிஞர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அது. நடுவில் உள்ள நான்கும் ஐந்துமே நல்ல மதிப்பெண்கள். ஒன்பது வாங்கிய நாய் தேர்ச்சி பெற்றதாகாது. அதுவே மிகவும் பருத்த நாய்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு மதிப்பெண் இட்டவன் நான். என் வீட்டு நாய்க்கு மருத்துவர் எட்டு என்று எழுதியபோதுதான் இந்தப் பாடத்தைக் கற்றேன். கற்ற வகையைச் சொல்கிறேன், பிறருக்குப் பயன்படலாம்.

எங்கள் ஊர் உத்திரமேரூர். என் மகன் சென்னையிலிருந்து ஒரு கறுப்பு லாப்ரடார் குட்டியைக் கொண்டுவந்தான். அதற்குக் கருப்பன் என்று பெயரிட்டோம். வந்த நாளில் அது ஒரு கைப்பைக்குள் அடங்கும். ஆறு ஆண்டுகளில் அது திண்ணையை அடைத்துக்கொண்டு படுக்கும் அளவுக்கு வளர்ந்தது. தெருவில் போவோர் வருவோர் எல்லாம், "வாத்தியார் வீட்டு நாயைப் பார், யானைக்குட்டி போல் இருக்கிறது" என்பார்கள். அதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். பருத்த குழந்தையைக் கண்டால் நன்றாக வளர்க்கிறார்கள் என்று சொல்வது நம் வழக்கம். அந்த வழக்கத்தை நாய்க்கும் நீட்டிவிட்டோம்.

ஒரு மே மாதம். காலை பத்து மணிக்கே வெயில் தகித்தது. தெருக்கோடிவரை என்னோடு நடந்து திரும்பிய கருப்பன், திண்ணையின் படியில் முன்னங்கால்களை வைத்தது. பின்னங்கால்களைத் தூக்க இயலவில்லை. அப்படியே சரிந்து விழுந்தது. நாக்கு வெளியே தொங்கியது, மூச்சு இரைத்தது, கண்கள் நிலைகுத்தின. குளிர்ந்த நீரை அதன் உடலெங்கும் ஊற்றி, விசிறியின் கீழ்க் கிடத்தினோம். கால்நடை மருத்துவரை அழைத்துவந்தோம். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது.

நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வேர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைப்பதன் வழியாகவே அது பெரும்பாலும் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கொழுப்போ, கம்பளிபோல் சூட்டை உள்ளேயே நிறுத்திவிடும். லாப்ரடார் இனமோ, குளிர்மிகுந்த நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீனவரோடு நீரில் இறங்கி உழைத்த நாய்களின் வழிவந்தது. அந்த இனத்துக்குச் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களின் கோடையே போதிய சுமை. அச்சுமையின்மேல் நான் இன்னொரு கம்பளியைப் போர்த்தியிருந்தேன்.

நாய் எழுந்து உட்கார்ந்தபின் மருத்துவர் என்னை நோக்கி, "ஐயா, இந்த நாய்க்குச் சோறு வைப்பது யார்?" என்று கேட்டார்.

எளிய கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவராலும் நேரான விடை சொல்ல முடியவில்லை. என் மனைவி, மத்தியானம் தான் வைப்பதாகச் சொன்னாள். மருமகள், காலையில் மீந்த இட்டலியை மட்டும் போடுவதாகச் சொன்னாள். பேரப்பிள்ளைகள், பள்ளிவிட்டு வந்ததும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் என்றார்கள். மகன், இரவில் தயிர்சாதம் என்றான். நானோ, எப்போதாவது கொஞ்சம் என்றேன். எல்லோரும் 'கொஞ்சம்' என்ற சொல்லையே சொன்னோம். ஐந்தாறு பேரின் கொஞ்சம் ஒரு வயிற்றில் சேரும்போது அது கொஞ்சமாக இருப்பதில்லை.

அன்று மாலையே கருப்பனை அரிசி ஆலைக்கு அழைத்துச் சென்று, மூட்டை நிறுக்கும் எடைமேடையில் நிற்க வைத்தோம். நாற்பத்தொரு கிலோ. அதன் எலும்பமைப்புக்கு முப்பது கிலோ போதும் என்றார் மருத்துவர். அதாவது, பதினொரு கிலோ எடையை முதுகில் சுமந்தபடி அது ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. இரத்தத்தையும் சோதித்தார். தைராய்டு சுரப்பி குன்றினாலும், அட்ரீனல் சுரப்பி மிகுந்தாலும் நாய் பருப்பதுண்டாம். அத்தகைய நோய் எதுவும் இல்லை. நோய் எங்கள் கைகளில்தான் இருந்தது.

இனி என்ன செய்வது? முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், கொடுப்பவற்றை எழுதி மட்டும் வையுங்கள் என்றார். ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் கோடிட்டு, நாள், நேரம், பொருள், அளவு, கொடுத்தவர் என்று பத்தி பிரித்துச் சமையலறைச் சுவரில் தொங்கவிட்டேன்.

அந்த நோட்டைத் தொங்கவிடும்போது எங்கள் ஊர்ப் பெருமை ஒன்று என் நினைவுக்கு வந்தது. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளதை நீங்கள் அறிவீர்கள். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துத் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தார்கள். குடவோலையை எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் நான் சுட்டிக்காட்டுவது வேறொரு விதியை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன், அவன் மட்டுமன்றி அவனுடைய நெருங்கிய உறவினரும், மறுபடி அப்பதவிக்கு உரியவர் ஆகார். ஏரியின் நீரையும் ஊரின் பொன்னையும் பலர் சேர்ந்து ஆளும் இடத்தில் கணக்கு வேண்டும் என்பதை ஆயிரத்தொரு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர்கள் எங்கள் முன்னோர். பலர் சேர்ந்து ஒரு நாய்க்குச் சோறிடும் வீட்டில் மட்டும் கணக்கு வேண்டாவா?

வாரமுடிவில் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளுக்குரிய கணக்கைச் சொல்கிறேன். எல்லாம் ஏறத்தாழச் சொல்லும் எண்களே. காலையில் இட்டலி நான்கு, 220 கலோரி. பால் ஒரு தம்ளர், 100. சோறும் குழம்பும் மத்தியானம் அரைக் கிலோ, 650. மாலையில் வடை இரண்டு, 200. பலர் கொடுத்த பிஸ்கட் பதினைந்து, ஒன்றுக்கு இருபது வீதம் 300. இரவில் தயிர்சாதம், 580. ஆக 2,050 கலோரி.

அதற்கு வேண்டியது எவ்வளவு? அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணக்குப் பாடம் நடத்தியவன் ஆகையால் அதனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நாய் இருக்க வேண்டிய எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதனை அதனாலேயே பெருக்கி, மறுபடியும் ஒரு முறை பெருக்குங்கள். வந்த தொகைக்கு வர்க்கமூலம் காணுங்கள். அதற்கு மீண்டும் ஒரு வர்க்கமூலம் காணுங்கள். அதனை எழுபதால் பெருக்குங்கள். முப்பது கிலோ நாய்க்கு முப்பதின் கனம் 27,000. அதன் வர்க்கமூலம் 164 சொச்சம். அதற்கும் வர்க்கமூலம் கண்டால் பன்னிரண்டே முக்காலுக்குச் சற்று மேல். எழுபதால் பெருக்கினால் ஏறத்தாழ 900. அந்நாய் ஓய்வாகக் கிடந்தாலும் உயிர்வாழச் செலவாகும் கலோரி இது. கருத்தடை செய்து வீட்டோடு இருக்கும் நாய் நடமாடி வாழ இதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 1,350, போதும். கருப்பனோ 2,050 உண்டது. நாள்தோறும் 700 கலோரி மிச்சம். அந்த மிச்சமே பதினொரு கிலோ ஆயிற்று.

சிறிய நாய் வளர்ப்பவர்கள் இதில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். ஆறு கிலோ எடையுள்ள பொமரேனியனுக்கு இதே கணக்கின்படி வருவது 270 கலோரிக்குக் குறைவு. அதற்கு ஐந்து பிஸ்கட் கொடுத்தால் அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. பிஸ்கட் நமக்குச் சிறியது, அதற்குச் சிறியதன்று.

"கொஞ்சம் பருமனாக இருந்தால்தான் என்ன? பசியில்லாமல் வாழ்கிறதே!" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியே விடை. பூரினா என்னும் நாயுணவு நிறுவனத்தார் நாற்பத்தெட்டு லாப்ரடார் குட்டிகளை இருபத்துநான்கு இணைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் இணையும் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள். இணையில் ஒன்றுக்கு வழக்கமான உணவு. மற்றதற்கு அதே உணவு, ஆனால் கால்பங்கு குறைவாக. இவ்வாறு வாழ்நாள் முழுவதும் நடத்தினார்கள். மிகுதியாக உண்ட கூட்டத்தின் நடுநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாக உண்ட கூட்டத்துக்கு 13 ஆண்டு. வேற்றுமை ஏறத்தாழ ஒரு வருஷமும் பத்து மாதமும். அளவாக உண்ட நாய்களுக்கு மூட்டு நோய்க்கு மருந்து தொடங்க வேண்டிய காலமும் தள்ளிப்போயிற்று. மிகுதியாக உண்டவை பார்வைக்குப் பூதம்போல் இருந்தவை அல்ல. ஒன்பது மதிப்பெண் அளவில் சராசரி ஏழுக்கும் குறைவுதான். நம் தெருவில் 'நன்றாக இருக்கிறது' என்று பாராட்டப்படும் நாய்களே அவை.

நாயின் ஆயுள் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு. அதில் ஒன்றே முக்கால் ஆண்டு என்பது நம் கணக்கில் பத்தாண்டுக்கு ஒப்பாகும். பிஸ்கட் கொடுத்த ஒவ்வொரு முறையும் அன்பைக் கொடுப்பதாக எண்ணினேன். உண்மையில் அதன் முதுமையிலிருந்து சில நாழிகைகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

இனி, எடையைக் குறைத்த முறைக்கு வருகிறேன். பட்டினி போடுவது முறையன்று. வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை குறைந்தால் போதும். நாற்பத்தொரு கிலோ நாய்க்கு அது நானூறு கிராம் முதல் எண்ணூறு கிராம் வரை. இருக்க வேண்டிய எடைக்குரிய 900 கலோரியிலிருந்து தொடங்கினோம்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். வழக்கமான சோற்றையே பாதியாகக் குறைத்துவிடுவது தவறு. நம் வீடுகளில் பல நாய்கள் சோறும் தயிருமாக, சோறும் குழம்புமாக உண்டு வளர்கின்றன. சோறு நாய்க்குப் பகையன்று. நாயின் உடல் மாச்சத்தைச் செரிக்கும் வல்லமையில் ஓநாயை மிஞ்சியது என்றும், அதற்குரிய மரபணு நாயிடம் பல படிகளாகப் பெருகியிருக்கிறது என்றும் 2013இல் சுவீடன் நாட்டு உப்சாலா அறிஞர்கள் கண்டறிந்தார்கள். மனிதனோடு வாழ்ந்து மனிதன் உணவைப் பங்கிட்டுக்கொண்டதன் பயன் அது. ஆனால் சோற்றில் புரதம் குறைவு. சுண்ணாம்புச் சத்தும் வேறு பல உப்புகளும் குறைவு. எனவே சோறுண்ணும் நாய் பருத்தும் இருக்கும். அதே சமயம் ஊட்டமின்றியும் இருக்கும். அதன் சோற்றைப் பாதியாக்கினால் கொழுப்போடு தசையும் கரையும்.

ஆகவே மருத்துவர் சோற்றைப் பெரிதும் குறைத்து, வேகவைத்த முட்டையும் தோல் நீக்கிய கோழி இறைச்சியும் சேர்க்கச் சொன்னார். வயிறு நிறைய, உப்பும் எண்ணெயும் இல்லாமல் வேகவைத்த பூசணி, சுரைக்காய், பீன்ஸ் ஆகியவற்றைக் கலக்கச் சொன்னார். குறையும் உப்புச் சத்துகளுக்கு ஒரு பொடியையும் எழுதிக் கொடுத்தார். இறைச்சி சமைக்காத வீட்டார், எடை குறைப்பதற்கென்றே செய்யப்படும் ஆயத்த நாயுணவை மருத்துவரைக் கேட்டு வாங்கலாம். எதுவாயினும் கண்ணால் அளக்காமல் தராசால் நிறுத்து வைப்பதே சிறந்தது. தராசு இல்லையேல் ஒரே ஆழாக்கை அதற்கென்று ஒதுக்கி, தலைதட்டி அளக்க வேண்டும். கும்பம் கட்டி அளக்கும் கைதான் நம் கை. விருந்தினருக்கு அது அழகு, நாய்க்கு அன்று.

இடையே கொடுக்கும் தின்பண்டம் நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. பிஸ்கட்டுக்குப் பதிலாக வெள்ளரித் துண்டு, காரட் துண்டு. கருப்பன் முதல் நாள் வெள்ளரியை முகர்ந்துவிட்டு என்னை நோக்கிய பார்வையை நான் மறக்கமாட்டேன். மூன்றாம் நாள் ஓசையோடு கடித்துத் தின்றது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை எந்த நாய்க்கும் எக்காலத்தும் ஆகா. அவை எடையைப் பற்றிய செய்தி அல்ல, நஞ்சு.

உணவைக் குறைத்தவுடன் நாய் கெஞ்சும். தட்டருகில் வந்து நிற்கும். முழங்காலில் முகம் வைக்கும். விம்முவது போல் ஒலியெழுப்பும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் படித்தவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். பாவ்லோவின் நாய் மணியோசைக்கு உமிழ்நீர் சுரந்த கதையைப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கினேன். ஸ்கின்னர் என்பார் இன்னொன்றையும் கண்டார். ஒரு செயலுக்கு ஒவ்வொரு முறையும் பரிசு கொடுத்து, பிறகு நிறுத்தினால் அச்செயல் விரைவில் மறையும். சிலமுறை கொடுத்தும் சிலமுறை மறுத்தும் வந்தால் அச்செயல் மறையவே நெடுங்காலம் ஆகும். பத்து முறை விரட்டிப் பதினோராம் முறை மனமிரங்கி ஒரு துண்டு வீசுகிறோமே, அதுதான் நாய்க்கு விடாமுயற்சியைக் கற்பிக்கும் பாடம். மறுப்பதென்றால் எல்லோரும், எப்பொழுதும், ஒரேபடியாக மறுக்க வேண்டும்.

இதனோடு, அந்தக் கெஞ்சலை வெறும் பேராசை என்று பழிப்பதும் அறமன்று. லாப்ரடார் இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியடங்கும் குறிப்பை மூளைக்கு அனுப்பும் மரபணுவில் ஒரு குறை இருப்பதாக, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபனும் அவர் குழுவினரும் 2016இல் கண்டறிந்தனர். அத்தகைய நாய்கள் உணவுக்கிடையே மிகுதியாகப் பசிக்கின்றன. ஓய்வில் மற்றவற்றைவிட நூற்றுக்கு இருபத்தைந்து அளவு குறைவாகவே ஆற்றலைச் செலவிடுகின்றன என்றும் 2024இல் காட்டினர். கருப்பனுக்கு அக்குறை உண்டோ என்று நாங்கள் சோதிக்கவில்லை. ஆயினும் பசி மெய்யாகவே இருக்கலாம் என்று அறிந்தபின் அதைக் கடிந்துகொள்வதை நிறுத்தினேன். ஒரே அளவை இரண்டு வேளைக்குப் பதில் மூன்று வேளையாகப் பிரித்தோம். தட்டில் கொட்டாமல் முறத்தில் பரப்பி வைத்தோம். தேடித் தின்னப் பொழுது பிடித்தது. கருத்தடை செய்த நாய்க்கும் செலவு குறைந்து பசி கூடும். கருத்தடை நல்லதே, ஆனால் அன்று முதலே அளவைக் குறைக்கத் தொடங்க வேண்டும்.

நம் நாட்டு நாய்களைப் பற்றியும் ஒரு சொல். சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம் ஆகியவை ஓடி வேட்டையாடுவதற்கென்று வளர்க்கப்பட்ட இனங்கள். ஒடுங்கிய வயிறும் மெல்லிய விலாக்கோடும் அவற்றுக்கு இயல்பு. அவற்றைக் கண்டு, பட்டினி போடுகிறார்கள் என்று இரங்கிச் சோறு திணிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அந்நாயின் பெயரும், அது கள்ளரைக் கடித்த செய்தியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லில் பெயர் பெற்ற அந்த நாய் ஓடவும் பாயவும் வல்லதாக இருந்ததனாலேயே பெயர் பெற்றது.

ஆனால் மெலிவெல்லாம் அழகென்று கொள்ளற்க. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் எட்டியிருந்தே தெரிந்தால், அல்லது நன்றாக உண்டும் நாய் மெலிந்துகொண்டே வந்தால், குடற்புழுவோ, உண்ணிக் காய்ச்சலோ, நீரிழிவோ, வேறு நோயோ இருக்கலாம். அங்கே வேண்டுவது சோறு மட்டுமன்று, மருத்துவர்.

கருப்பனின் கதைக்கு மீள்கிறேன். முதல் மாதத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. இரண்டாம் மாதத்திலும் அவ்வாறே. மூன்றாம் மாதம் எடைமேடையில் முள் அசையவில்லை. நோட்டைப் புரட்டினேன்; கணக்கில் பிழையில்லை. யாரோ எழுதாமல் கொடுக்கிறார்கள் என்று வீட்டாரையெல்லாம் கூட்டி விசாரித்தேன். தலைமையாசிரியர் தோரணை இன்னும் போகவில்லை. எல்லோரும் பேசாமல் நின்றார்கள். என் பேத்தி மட்டும், "தாத்தா, ராத்திரி திண்ணையில் படிக்கும்போது நீங்கள் கொடுக்கிற பிஸ்கட்டை ஏன் எழுதுவதில்லை?" என்று கேட்டாள்.

மெய்தான். இரவு உணவுக்குப்பின் திண்ணையில் புத்தகத்தோடு அமர்வேன். கருப்பன் காலடியில் கிடக்கும். பக்கம் புரட்டும்போதெல்லாம் என் கை தானாக டப்பாவுக்குள் போகும். ஒன்று எனக்கு, ஒன்று அதற்கு. அதனை உணவென்றே நான் எண்ணவில்லை, ஆகையால் எழுதவில்லை. எங்கள் ஊர்க் கல்வெட்டின் விதிப்படி பார்த்தால் நான் வாரியத்திலிருந்து விலக்கப்பட வேண்டியவன். உறவினரையும் சேர்த்து விலக்குவதென்றால் வீடு முழுவதும் விலக்கப்பட வேண்டும்!

அன்றிரவு நெடுநேரம் எண்ணிப்பார்த்தேன். ஓய்வு பெற்ற நாள் முதல் என்னை எதிர்பார்த்து நிற்பவர் குறைந்துவிட்டார்கள். காலை மணியடித்ததும் நானூறு முகங்கள் என்னை நோக்கிய காலம் போயிற்று. இந்த ஒரு முகம் மட்டும் என் கையை நோக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பார்வைக்காகவே கொடுத்தேன். பசி அதனுடையதன்று, என்னுடையது.

மறுநாள் வீட்டில் ஒரு தீர்மானம் ஆயிற்று. சோறு வைக்கும் பொறுப்பு முழுவதும் என் மனைவிக்கு. வேறொருவர் கையும் தட்டில் படலாகாது. நடத்திச் செல்லும் பொறுப்பு எனக்கு. வெயிலேறுமுன், காலை ஐந்தரைக்கு, ஏரிக்கரைக்குப் புறப்படுவோம். முதலில் பத்து நிமிடம். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி நாற்பது நிமிடம். பருத்த நாயைத் தொடக்கத்திலேயே ஓடவிடலாகாது, மூட்டு தாங்காது. நடை மட்டும் எடையைப் பெரிதாகக் குறைத்துவிடாது. அதைச் செய்வது உணவின் அளவே. ஆனால் நடை தசையைக் காக்கும். அதனினும் மேலாக, கருப்பன் என்னை எதிர்பார்ப்பதற்கு அது ஒரு புதுக் காரணம் தந்தது. இப்பொழுது அது என் கையை நோக்குவதில்லை; நான் செருப்பு மாட்டுகிறேனா என்று காலை நோக்குகிறது.

ஒன்பது மாதங்களில் கருப்பன் முப்பத்தொரு கிலோவுக்கு வந்தது. இன்னும் ஒரு கிலோ மீதி. விலாவைத் தடவினால் புறங்கையைத் தடவியது போலிருக்கிறது. அடுத்த மே மாதம் வந்தபோது திண்ணைப் படியை ஒரே தாவலில் ஏறியது. அதனைக் கண்டு கைதட்டியவள் என் பேத்தி. நோட்டு இன்னும் சுவரில் தொங்குகிறது. ஏனெனில் குறைத்த எடை திரும்பி வர ஆசைப்பட்டுக்கொண்டே இருக்கும்.

நேயர்களே, நாய் தன் பங்கைத் தானே அளந்துகொள்ள அறியாது. போதும் என்று சொல்லும் பொறுப்பை அது நம்மிடம் விட்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழியை நாம் நமக்கே சொல்லிக்கொள்கிறோம். நம் வாசலில் படுத்திருக்கும் வாயில்லாப் பிராணிக்காகவும் சொல்லிக்கொள்ள வேண்டும். இன்றிரவு உங்கள் நாயைத் தடவிக் கொடுக்கும்போது, அந்த மூன்று உணர்ச்சிகளில் எது கையில் தட்டுகிறது என்று சற்றே நிதானித்துப் பாருங்கள். பிறகு வீட்டாரை அழைத்து, இதற்குச் சோறு வைப்பது யார் என்று கேளுங்கள். ஒருவர் மட்டும் விடை சொன்னால் நல்லது. எல்லோரும் 'கொஞ்சம்' என்று சொன்னால், நாளைக்கே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள்.